பன்னிரண்டரை மணிச் சொட்டு

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றிலிருந்து எழுதி வைக்கப் போகிறேன். வாயால் சொன்னால் சண்டைக்காரி என்று பெயர் வரும். தேதியும் நேரமும் போட்டு எழுதினால் அது ஆதாரம். பதினெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த நோட்டே லேப்பில் பாதி எழுதாமல் கிடந்த பழைய பதிவேடுதான்.

விஷயம் இது. விடியுமுன் கூழ் காய்ச்சி, வாசலில் கட்டில் போட்டு, வேட்டி விரித்து, வத்தல் பிழிந்துவிட்டு ஆறு மணிக்கு லேப்புக்குப் போகிறேன். பதினோரு மணிக்கு வீடு. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் வத்தல் நன்றாகக் காய்ந்து வருகிறது. சமையலை முடித்துவிட்டு ஒரு மணிக்குப் பார்த்தால் மேலெல்லாம் ஈரப்புள்ளி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேகம் ஒரு துண்டு கிடையாது. கட்டிலை ஒட்டினாற்போல மேலே மாடி பால்கனி. பால்கனியில் எட்டுப் பூந்தொட்டி. தொட்டிக்குப் பின்னால் மாடிக்காரி.

மாடிக்காரி என்றால் அந்நியம் இல்லை, என் ஓர்ப்படியாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. கீழ்வீடு எங்களுக்கு, மாடியும் மொட்டைமாடியும் அவளுக்கு. இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் இதே சொட்டுதான். அப்போதே கேட்டேன், "தண்ணிய பாத்து ஊத்தக்கூடாதா?" என்று. "நான் ஊத்தலயே" என்றாள். கண்ணுக்கு முன்னால் வத்தல் நனைந்து கிடக்கிறது, ஊற்றவில்லையாம்.

"கட்டில அந்தாக்குல இழுத்துப் போட்டா என்ன?" என்கிறார் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் நிழல் விழுந்துவிடும். அதோடு நான் ஏன் இழுக்க வேண்டும்?

ஏப்ரல் 10, புதன்

12.35. பதினோரு சொட்டு. மாடித் தொட்டிகள் ஈரமாக இருந்தன. வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. நான் மாடிக்கு எதுவும் கொடுத்துவிடவில்லை. அங்கிருந்தும் எதுவும் வரவில்லை. இவர்தான் எனக்குத் தெரியாமல் ஒரு தூக்கில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு மேலே போனார். போனவர் அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மதினி கோயம்புத்தூருக்குப் போறாவளாம். குமரேசன் வீடு பாத்துட்டானாம். மே பத்தொம்பதாம் தேதி வேன் கொண்டாரான். மாடிய வாடகைக்கு விடச் சொல்லிட்டாவ."

"நல்லது" என்றேன்.

"நல்லதா?"

"பிள்ளைகூட இருக்கது நல்லதுதான. நிம்மதியா வத்தல் காயும்."

ரசம் கருகிவிட்டது. ரசம் எப்படிக் கருகும் என்று இவர் கேட்டார். வற்றவிட்டால் எதுவும் கருகும் என்றேன்.

ஏப்ரல் 17, புதன்

இன்றைக்கு ஆதாரத்தை விஞ்ஞானபூர்வமாகவே எடுத்துவிட்டேன். கட்டிலின் மேல் நாலு கண்ணாடிச் சில்லு வைத்தேன், ரத்தம் தடவிப் பார்க்கிற சில்லு. 12.30க்கும் 12.50க்கும் இடையில் மூன்றில் சொட்டு விழுந்தது. காய்ந்ததும் சன்னமாக வெள்ளைப் பொடி படிந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, கஞ்சித்தண்ணி. வடித்த கஞ்சியை என் வத்தல் மேல் ஊற்றுகிறாள். சும்மா விடக்கூடாது என்று மறுபடி லேப்புக்கே போனேன்.

கஞ்சி என்றால் அயோடின் பட்டதும் நீலமாக வேண்டும். ஆகவில்லை. சரி, சர்க்கரைத் தண்ணியோ என்று காய்ந்த சொட்டை நனைத்து, சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பட்டையை அதில் வைத்தேன். நிறம் மாறவில்லை. எங்கள் போர்த் தண்ணியோ என்று அதிலும் ஒரு சொட்டைக் காயவைத்து இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். போர்த் தண்ணியில் உப்புக் கல் கல்லாகத் தெரிந்தது. இதில் ஒரு கல்கூட இல்லை, பொடிதான்.

கஞ்சி இல்லை, சர்க்கரை இல்லை, உப்பு இல்லை. அப்படியென்றால் கேன் தண்ணீரை வாங்கி ஊற்றுகிறாளா? என் வத்தலை நனைக்கக் கேன் தண்ணீரா? அவ்வளவு வன்மமா?

ஏப்ரல் 21, ஞாயிறு

மாடிக்காரி காலை ஏழு மணிக்கே மாம்பழக்கலர்ப் பட்டுக் கட்டிக்கொண்டு கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். கதவில் பூட்டு. நானே பார்த்தேன். திரும்பி வந்தது மாலை நாலரைக்கு.

12.30. இருபத்தாறு சொட்டு.

ஏப்ரல் 22, திங்கள்

நேற்று எழுதியதை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. லேப்பில் புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன். ஆகையால் அது அப்படியே இருக்கட்டும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் குழாய் ஒழுகலாம். இவரை ஏணி வைத்து ஏற்றினேன். ஒழுகவில்லை. காக்காய் என்றால் அது வேறு மாதிரி இருக்கும், அதைச் சொல்ல லேப் வேண்டாம். ஏசி எங்கள் தெருவிலேயே கிடையாது.

12.20க்குக் குடையை எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரமாய் உட்கார்ந்தேன். தெருவில் போன ரெண்டு பேர் என்ன ஏது என்று விசாரித்தார்கள். 12.28க்குக் குடையில் டப் என்று ஒன்று. நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிக்கும் மேலே, தெருவோரத்துப் புங்க மரத்தின் ஒரு கிளை வாசலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் படுகிற பக்கமாகப் பார்த்தால் அந்தக் கிளைக்குக் கீழே மட்டும் சன்னமாக, பொட்டுப் பொட்டாக மின்னுகிறது. ஒரு மரத்துக் கிளையில் மட்டும் மழை.

ஏப்ரல் 24, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். 

துணி உலர்த்துகிற கொக்கியை ஒரு நீளக் கம்பில் கட்டிக் கிளையைத் தாழ்த்திப் பார்த்தேன். இளங்குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பூச்சிகள்தான், ஒவ்வொருவரும் ஒரு நெல்மணி நீளம் இருப்பார்கள். என்ன கலர், என்ன கலர். தலை ஆரஞ்சு, அதில் ரெண்டு கறுப்புப் பொட்டு. முதுகு நல்ல நீலம், ஓரத்தில் சிவப்புக் கரை, நடுவில் பச்சையாய் ஒரு கோடு. கால் மஞ்சள். மாடிக்காரியின் கல்யாணப் புடவைகளை எல்லாம் சேர்த்தாலும் இத்தனை கலர் தேறாது.

விரலைக் கிட்டே கொண்டுபோனால் பறக்கவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து குச்சிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வருகிறது. பத்து நிமிஷம் இப்படிச் சுற்றியதில் கழுத்து பிடித்துக்கொண்டது.

போனில் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். வால் நுனியில் ஒரு கண்ணாடி மணி திரள்கிறது. திரண்டு நின்றதும் ஒரு சுண்டு. மணி தெறித்துப் போகிறது. உடனே அடுத்த மணி. ஒன்று சுண்டினால் கண்ணுக்கே தெரியாது. கிளை முழுக்க நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து சுண்டினால் இலையில் சேர்ந்து சேர்ந்து என் வத்தல் மேல் விழும்.

அவள் ஊற்றவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

சிறுநீர் பிடிக்கிற டப்பா (புதுசுதான்) ஒன்றில் முந்தாநாள் மத்தியானம் ஏழு பேரைப் பிடித்தேன். ஓடாமல் இருக்கக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்தேன். இவர் இட்லி மாவு எடுக்கப் போய் அலறினார்.

"ஏ வடிவு, இது என்னட்டி டப்பா? மாவு பக்கத்துல வச்சிருக்க?"

"மூடிதான இருக்கு."

"எதப் பிடிச்ச டப்பான்னு கேக்கேன்."

நேற்று லேப்பில் இடைவேளையில் பின்னங்காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கால் நெடுக முள் முள்ளாக, சீப்புப் பல் மாதிரி வரிசை. அதை வைத்துப் போனில் தேடினதில், இந்த முள்வரிசை இருந்தால் தத்துப்பூச்சிக் குடும்பம் என்று போட்டிருந்தது. தத்துப்பூச்சியா? வெண்டைக்கும் கத்தரிக்கும் மருந்தடிக்கிறார்களே, அந்தப் பச்சைக் குட்டிப் பூச்சியின் சொந்தக்காரர்களா இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஒரு வேளாண் கல்லூரியில் பூச்சியியல் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை கிறிஸ்டில்டாவின் நம்பர் கிடைத்தது. படம், வீடியோ, சொட்டு விழுந்த நேரம், அயோடின், சர்க்கரை, உப்பு எல்லாம் வரிசையாக அனுப்பினேன். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. அனுப்பிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்க்கிறேன்.

மே 3, வெள்ளி

பேராசிரியையே கூப்பிட்டார்கள். லேப்பில் ஒருவர் கையில் ரப்பர் கட்டிவிட்டு நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு ஓடிப்போய் வெளியே நின்று பேசினேன்.

"நீங்க எந்தக் கல்லூரில வேல பாக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

"நான் ரத்தம் எடுக்கவ, மேடம்."

"இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்கு அனுப்பினதில்ல" என்றார்கள். இதை நான் எழுதத்தான் செய்வேன், என் பதிவேடு.

விஷயம் இப்படி. தத்துப்பூச்சிதான். அதிலும் இந்தக் கூட்டம் இலைச்சாற்றைக் குடிப்பதில்லை. வேர் மேலே ஏற்றுகிற தண்ணீர்க் குழாயில்தான் வாயைச் செருகும். அதில் சத்து ஒன்றும் கிடையாது, வெறும் தண்ணீர். அந்த ஒன்றுமில்லாததில் உயிர் வாழவேண்டுமென்றால் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தன் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேலே. குடித்ததை வெளியே சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். உச்சி வெயிலில் மரம் நிறையத் தண்ணீர் இழுக்கும், அதனால் பன்னிரண்டரை மணிக் கணக்கு. சர்க்கரை இல்லாததும் அதனால்தான். வெள்ளைப் பொடி அது நனையாமல் இருக்க உடம்பில் பூசிக்கொள்கிற பொடி. மரத்துக்குப் பெரிய சேதம் இல்லை, மருந்தும் வேண்டாம்.

"பேரு என்ன மேடம்?"

"கலரை வச்சுப் பேர் சொல்ல முடியாதும்மா. ஒரே ஜாதியிலயே கலர் மாறும். ஆண் பூச்சியோட வயித்து நுனியப் பிரிச்சுப் பாத்தாத்தான் உறுதி. ஸ்பிரிட்ல போட்டு அனுப்புங்க."

கலரை வைத்துச் சொல்ல முடியாது. தொட்டி ஈரமாக இருந்தது, பால்கனி மேலே இருந்தது, ஆகவே அவள்தான் என்று நான் சொன்னேன். ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நோய் சொல்லுகிற ஆளை நான் லேப்பில் ஒரு நாள் வைத்துக்கொள்வேனா?

இன்னொரு கணக்கும் பார்த்தேன். அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர், தவறியது ரெண்டு வருஷத்துக்கு முந்தின மார்கழியில். நான் சண்டைக்குப் போனது அதை அடுத்த சித்திரையில். நாலு மாசம். புருஷன் செத்து நாலு மாசத்தில், நாலு ஈரப்புள்ளிக்காக, அவளை மாடியில் தனியே விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மே 5, ஞாயிறு

என் ஓர்ப்படியாள் உலகம்மாள் அக்காவிடம் சொல்வதற்காக மாடிப்படி ஏறினேன். ஏழாவது படியில் விளக்கமாறு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மே 8, புதன்

"சொல்லிட்டியா?"

"வேல இருந்துச்சு."

"ஊர்ல இல்லாத பேராசிரியைக்கெல்லாம் சொல்லுத. பதினாறு படி ஏற முடியல" என்றார் இவர்.  பூச்சிகளைத் தபாலில் அனுப்பினேன்.

மே 12, ஞாயிறு

மேலே பெட்டி கட்டுகிற சத்தம். அட்டைப்பெட்டியில் டேப் ஒட்டி இழுக்கிற சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் ஒருவர் அவளுடைய ஸ்கூட்டரைப் பார்க்க வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இருபதாம் தேதி திங்கள்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார்.

12.40. எண்ணவில்லை.

மே 16, வியாழன்

லேப்பிலிருந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் வேறு ஏதாவது வேலை தட்டுப்படும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். பதினாறு படிதான்.

கதவு திறந்திருந்தது. அக்கா பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பழைய பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள்.

"கரண்ட் பில்லா?" என்றாள்.

"இல்லக்கா. படிக்கேன், கேளுங்க" என்றேன்.

நின்றுகொண்டே முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மாடிக்காரி என்று எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். வன்மம் என்று எழுதியதையும் படித்தேன். கேன் தண்ணீர் வந்த இடத்தில் அக்கா நிமிர்ந்தாள். இருபத்தொன்றாம் தேதி இருபத்தாறு சொட்டு என்றதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். நாலு மாசக் கணக்கு வந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவளே படித்தாள். 

"நான் ஊத்தலன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள்.

"சொன்னீங்கக்கா. நான்தான் நம்பல. தப்பு எம்மேலதான்."

அழுதாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, அப்ப எஞ் ஸ்கூட்டர் சீட்டு?" என்றாள்.

"எந்த சீட்டு?"

"மரத்தடியிலதான நிறுத்துதேன். ரெண்டு வருசமா தெனமும் கறுப்பு சீட்டுல வெள்ள வெள்ளையாப் புள்ளி. கஞ்சித்தண்ணிய நீதான் வேணும்னே தெளிக்கன்னு நெனச்சேன். தெனம் ஈரத்துணி போட்டுத் தொடச்சு எங் கையே தேஞ்சு போச்சு. உன்ட்ட கேக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கீழ்வீட்டிலிருந்து நான் மேலே குற்றம் சுமத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும், மேல்வீட்டிலிருந்து அவள் கீழே சுமத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கஞ்சி இல்லக்கா" என்றேன். "பக்கத்தத் திருப்புங்க. ஏப்ரல் பதினேழு. அயோடின் போட்டுப் பாத்தாச்சு. நீலமே வரல."

ஒரே சோதனை, ரெண்டு பேருக்கும் விடுதலை. அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டி மேல் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். சத்தம் கேட்டு இவர் ஏறி வந்து, ரெண்டு பேரும் கண்ணீரும் கம்பலையுமாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கிளை அங்கே கைக்கு எட்டுகிற தூரம்தான். பூச்சி பக்கவாட்டில் நடந்து ஒளிந்தது. "வெக்கப்படுது பாரு" என்றாள். ஒரு எவர்சில்வர்த் தட்டை நீட்டிப் பிடித்தாள். டிக், டிக் என்று விழுந்தது. இருவருமாக எண்ணினோம்.

கீழே இறங்கும்போது கேட்டேன். "போய்த்தான் ஆகணுமாக்கா?"

"இந்த வீட்டுல ரெண்டு வருசமாப் பேச ஆளில்லாமத்தான கெளம்புதேன்" என்றாள். போகவில்லை என்று சொல்லவில்லை.

மே 19, ஞாயிறு

காலை எட்டரைக்கு வேன் வந்தது. குமரேசன் இறங்கி வந்து, "பெட்டியெல்லாம் ரெடியாம்மா?" என்று மேலே கூப்பிட்டான். அக்கா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "பன்னெண்டரை வரைக்கும் இரு. ஒன்னு காட்டணும்" என்றாள்.

வேன் டிரைவர் உட்பட எல்லாரும் இட்லி சாப்பிட்டோம். சரியாக 12.30க்கு அக்கா மகனைப் பால்கனியில் நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவளே சொன்னாள். தண்ணீர்க் குழாயில் வாயை வைக்கும் என்றாள், நூறு மடங்கு குடிக்கும் என்றாள், பின்னங்காலில் சீப்பு இருக்கும் என்றாள். மூணே நாளில் எனக்குமேலே படித்துவிட்டாள். டிரைவர் வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்துத் தள்ளி நிறுத்தினார்.

"சரிம்மா, பாத்தாச்சு. ஏத்தலாமா?" என்றான் குமரேசன்.

"நான் வரல. தீவாளிக்கு வந்து பத்து நாள் இருக்கேன்."

"இந்தப் பூச்சிக்காகவா இங்க இருக்கப் போறீங்க?"

"பூச்சிக்கு என்னல, அது பாட்டுக்குக் குடிக்கும். ஒன் சித்தி ஒத்த ஆளா நின்னு கூழு கிண்டுதா. ஊத்த ஒரு ஆளு, கிண்ட ஒரு ஆளு வேணும். அதான் ரெண்டு வருசமாக் கட்டி கட்டியா வத்தல் போட்டுருக்கா."

கட்டி தட்டியது உண்மைதான். அதை இப்படி வேன் டிரைவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

குமரேசன் என்னைப் பார்த்து, "சித்தி, மறுபடியும் சண்ட போட மாட்டீங்கள்லா?" என்றான். "போடுவோம். பேசிக்கிட்டே போடுவோம்" என்றேன். வேன் ஒரு பீரோவையும் ரெண்டு பெட்டி வத்தலையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போனது.

மே 20, திங்கள்

ஸ்கூட்டரை எடுக்க ஆள் வந்தார். விற்பதற்கில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அக்கா கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாள்.

மே 26, ஞாயிறு

மொட்டைமாடியில் முதல் ஈடு. விடியுமுன் அக்கா ஊற்ற நான் கிண்டினேன். ஒரு கட்டி இல்லை. ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் பொரித்தால் பூப்போல விரிந்தது. இவர் பதினேழு தின்றார்.

ஜூன் 5, புதன்

பேராசிரியை கூப்பிட்டார்கள். ஆண் பூச்சியைப் பிரித்துப் பார்த்தார்களாம். எந்தக் குலம் என்பது உறுதியாகிவிட்டது, அதற்குள் எந்த இனம் என்று இன்னும் ஒப்பிட வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகலாம் என்றார்கள். ஆனால் புங்க மரத்திலிருந்து இது கிடைத்ததாக அவர்களுடைய சேகரிப்பில் இதுவரை ஒரு பதிவும் இல்லையாம். எங்கள் வாசல் கிளைதான் முதல். பூச்சியை ஊசியில் குத்தி அடியில் ஒரு சீட்டு வைப்பார்களாம். அந்தச் சீட்டு எத்தனை வருஷமானாலும் கூடவே இருக்குமாம்.

"இடம், தேதி, மரம், சேகரிச்சவர் பேரு. நாலே வரிதான். எழுதி அனுப்புங்க."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சேகரித்தவர் என்ற இடத்தில் நான் செண்பகவடிவு என்று எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

"ஏன், ரெண்டு வருசம் பழிய சுமந்தவ பேரு வேண்டாமாக்கும்?" என்றாள்.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. ஆனால் சேர்க்கலாம். சேர்த்தேன்.

புங்க மரம். வாசல் கிளை. ஏப்ரல் 26, பகல் 12.30.
சேகரித்தவர்கள்: சு. செண்பகவடிவு, கீழ்வீடு. உலகம்மாள், மேல்வீடு.